கம்ப்யூட்டரின் தாய் யார்?

எந்த ஐந்தாம் வகுப்புப் பையனை நிறுத்தி, ‘கம்ப்யூட்டரின் தந்தை யார்?’ என்று கேட்டாலும், ‘சார்லஸ் பாபேஜ்’ என்று பட்டென்று பதில் வரும். ‘சரி, தாய் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பான். சிலபஸில் தாய் கிடையாது. (ஏடா லவ்லேஸ் என்ற சீமாட்டி, பாபேஜ் கடைசிவரை கட்டி முடிக்காத ஒரு மெஷினுக்கு 1843-லேயே புரோகிராம் மாதிரி ஒன்றை எழுதி வைத்தார். மூன்று குழந்தைகளுக்கு நிஜமாகவே தாயும்கூட. யாராவது சிலபஸ் கமிட்டியிடம் சொல்லுங்கள்.)

தந்தையை மனப்பாடம் செய்து முடித்தால் அடுத்த பாடம், இன்புட் டிவைஸ், அவுட்புட் டிவைஸ். கீபோர்டு இன்புட். மானிட்டர் அவுட்புட். ‘டச் ஸ்க்ரீன் எதுல சேர்த்தி மிஸ்?’ என்று ஒரு குறும்புக்காரன் கேட்பான். அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு மூன்றாம் பாடம்: படம் வரைந்து பாகங்களைக் குறி. நீச்சல் கற்றுக்கொள்ள வந்தவனைக் கரையில் உட்கார வைத்து, தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்ஸிஜன் ஒரு பங்கு என்று எழுதிப் போடுவதைப் போலத்தான் இதுவும்.

இதெல்லாம் வாத்தியார்கள் கவலை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் வரும். ஆபீஸில் சி.எஸ்.ஆர். என்று ஒரு சனிக்கிழமை அறிவிப்பார்கள். ஒரே கலரில் டீ-ஷர்ட் கொடுத்து, பஸ் வைத்து, ஊருக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள். ‘நீதான்யா கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன், பசங்களுக்கு ஏதாவது சொல்லிக்கொடு’ என்று டீம் லீடர் உங்களைத் தள்ளிவிடுவார். நீங்கள் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து நாற்பது ஸ்லைடில் ‘இன்ட்ரொடக்ஷன் டு கம்ப்யூட்டர்ஸ்’ தயாரித்திருப்பீர்கள். முதல் ஸ்லைடில் யார் இருப்பார்? பாபேஜ்! கடைசியில் பிஸ்கட் பாக்கெட், குரூப் போட்டோ. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருக்கும், பிஸ்கட்டினால்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட், அதற்குமேல் டேலி. கம்ப்யூட்டர் விஞ்ஞானி இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக இந்த விஷயத்தைத் துருவிக்கொண்டிருக்கிறேன். காரணம், திருச்சியில் இருக்கும் என் அக்கா மகள். வயது பத்து. கோடை விடுமுறையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் முடிந்து, லேமினேட் செய்த சர்ட்டிபிகேட்டோடு வந்தாள். ‘என்னடா கத்துக்கிட்டே?’ என்று கேட்டதற்கு அந்தக் குழந்தை சாதாரணமாகச் சொன்ன பதில்: “எனக்கு கம்ப்யூட்டர் வராது மாமா.”

பத்து வயதில்! பாட்டு வராது, சமையல் வராது என்கிற பட்டியலில் கம்ப்யூட்டரையும் சேர்த்தாயிற்று. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, பஸ் ஏறிப் போய், முப்பது நாளில் வாங்கிக்கொண்டு வந்தது இந்த ஒரு தீர்மானம். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பேர் தீர்மானித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் பகீரென்கிறது.

இந்த இடத்தில் ஒரு தாடிக்காரரை அறிமுகம் செய்ய வேண்டும். பெயர் ஸேமூர் பேப்பர்ட். 1928-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் பிறந்தவர். கணிதக்காரர். ஜெனீவாவில் குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த பியாஜேயிடம் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்கு வந்தார். குழந்தையாக இருக்கும்போது அவருக்குப் பைத்தியம் பல்சக்கரங்களின் மேல். ஒரு சக்கரம் இவ்வளவு சுற்றினால் இன்னொன்று எவ்வளவு சுற்றும் என்று மனசுக்குள்ளேயே சுற்றிப் பார்ப்பாராம். பிற்பாடு பள்ளியில் சமன்பாடுகள் வந்தபோது அவருக்கு அதெல்லாம் பழைய சிநேகிதர்களாகத் தெரிந்தன. எல்லாக் குழந்தைக்கும் பல்சக்கரம் பிடிக்காதே, வேறு எதைக் கையில் கொடுக்கலாம் என்று யோசித்தபோது அவருக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர்.

1967-ல், பேப்பர்ட், வாலி ஃபோய்ர்ஸெய்க், சிந்தியா சாலமன் எல்லோரும் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழி செய்தார்கள். பெயர் லோகோ. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் அறை அளவு, விலை கேட்டால் மயக்கம் வரும். அதைக் குழந்தைகளிடம் கொடுக்கலாம் என்று சொன்னவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்காமல் 1968-69-ல் மாஸசூஸெட்ஸில் லெக்ஸிங்டன் என்ற ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தே விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஆமை. முதலில் நிஜமாகவே தரையில் ஓடும் ரோபோ ஆமை. கவிழ்த்த கிண்ணம் மாதிரி முதுகு, வயிற்றில் ஒரு பேனா. ‘முன்னே 100’ என்றால் முன்னே போகும். ‘வலது 90’ என்றால் அந்த இடத்திலேயே வலது பக்கம் திரும்பும். போகிற வழியெல்லாம் பேனா கோடு போடும். பிறகு இந்த ஆமை ஸ்க்ரீனுக்குள் குடியேறியது. அவ்வளவுதான் சமாச்சாரம். இதில் என்ன பிரமாதம் என்று கேட்பீர்கள்.

முன்னே 100, வலது 90. இதையே நாலு தடவை. சதுரம் வந்துவிடும். எந்தக் குழந்தையும் ஐந்து நிமிஷத்தில் போட்டுவிடும். உடனே அடுத்த ஆசை, முக்கோணம். ‘முக்கோணத்துக்கு ஒவ்வொரு மூலையும் 60 டிகிரின்னு மிஸ் சொல்லியிருக்காங்க’ என்று முன்னே 100, வலது 60 என்று மூன்று தடவை கொடுக்கும். ஆமை போகும், திரும்பும், போகும், திரும்பும்... முக்கோணம் மூடிக்கொள்ளாது! வாயைப் பிளந்துகொண்டு பாதி அறுகோணமாக நிற்கும்.

இந்த இடம்தான் முக்கியம். வகுப்பாக இருந்தால் இங்கே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், கதை முடிந்தது. லோகோவில் என்ன செய்வார்கள் என்றால், ‘எழுந்து நில்லு, நீயே ஆமையா நடந்து பாரு’ என்பார்கள். குழந்தை நடக்கும். மூலைக்கு வந்ததும் தன் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று அதற்கே தெரியும். உள்பக்கக் கோணம் 60-தான், ஆனால் நாம் திரும்புவது வெளிப்பக்கம், 120. நாலு 90-ம் 360. மூன்று 120-ம் 360. ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தால் எந்த வடிவமாக இருந்தாலும் 360 திரும்பியாக வேண்டும். அப்படியானால் வட்டத்துக்கு? கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, இதையே 360 தடவை. இதை யாரும் போர்டில் எழுதிப் போடவில்லை. காலால் நடந்து குழந்தையே கண்டுபிடித்தது.

நான் என் முப்பத்தைந்து வயதில் இதைப் படித்துவிட்டு, வீட்டு மொட்டை மாடியில் ஐங்கோணம் நடந்து பார்த்தேன். 72 டிகிரி. பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அம்மாள் என் மனைவியிடம் நலம் விசாரித்தாராம்.

பேப்பர்ட் இதையெல்லாம் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற புத்தகமாக 1980-ல் எழுதினார். (லெகோ கம்பெனி 1998-ல் விட்ட ரோபோ செட்டுக்கு இந்தப் புத்தகத்தின் பெயர்தான்.) அதில் அவர் வைக்கும் கேள்வியை நான் கொஞ்சம் உள்ளூர்ப் பாஷையில் சொல்கிறேன். வகுப்பறையில் யார் யாரை மேய்க்கிறார்கள்? கம்ப்யூட்டர் கேள்வி கேட்டு, குழந்தை பதில் சொல்லி, ‘சபாஷ்’ என்றோ ‘தவறு, மீண்டும் முயற்சி செய்’ என்றோ அது சொன்னால், கம்ப்யூட்டர் குழந்தையைப் புரோகிராம் செய்கிறது. அதையே திருப்பிப் போட்டு, குழந்தை சொல்ல, கம்ப்யூட்டர் கேட்க வேண்டும். தப்பு வந்தால்? அது குழந்தையின் தப்பு இல்லை, புரோகிராமில் ஒரு ‘பக்’. மூட்டைப்பூச்சி. தேடி நசுக்க வேண்டியதுதான்.

என் அக்கா மகளுக்குக் கிடைக்காமல் போனது இந்த மூட்டைப்பூச்சி ஞானம்தான் என்று எனக்குப் பட்டது. போன லீவில் திருச்சிக்குப் போனபோது லேப்டாப்பைத் தொடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். வெறும் சமையலறை.

“நான்தான் ரோபோ. நீ சொல்றதை அப்படியே செய்வேன். லெமன் ஜூஸ் போடச் சொல்லு.”

“எலுமிச்சம்பழத்தை எடுங்க மாமா.”

எடுத்தேன்.

“பிழிங்க.”

முழுப் பழத்தை இரண்டு கையாலும் நசுக்கினேன். பழம் அசையவில்லை. அவளுக்குச் சிரிப்பு. “ஐயோ, வெட்டிட்டுப் பிழியணும் மாமா!” வெட்டினேன். பிழிந்தேன், மேடையின் மேல். “டம்ளர்ல மாமா, டம்ளர்ல!” சர்க்கரை போடச் சொன்னாள். எவ்வளவு என்று சொல்லவில்லையே, டப்பாவையே கவிழ்க்கப் போனேன். அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். அரை மணியில் குழந்தை ஒரு நோட்டில் பதினான்கு வரி எழுதியிருந்தாள். ‘ஒரு ஸ்பூன். கலக்கு. கரைந்ததா என்று பார். கரையவில்லை என்றால் மறுபடி கலக்கு.’ அதைத்தான் ஸார் நம்மூர் இன்ஜினீயரிங் காலேஜில் ‘லூப்’ என்று முதல் செமஸ்டரில் சொல்லிக்கொடுக்கிறார்கள்!

இந்த விளையாட்டில் ஓர் எச்சரிக்கை. அசட்டுத்தனமாக நிற்க வேண்டியது பெரியவர்கள்தான். ‘பார்த்தியா, நீ சரியா சொல்லலை’ என்று குழந்தையை மட்டம் தட்டினால் பழைய சிவப்புப் பேனாவேதான். ரோபோவின் மூளை மந்தம், எஜமானி புத்திசாலி. அந்த ஏற்பாடு கடைசிவரை மாறக் கூடாது.

கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூஸிலாந்தில் கேன்டர்பரி யுனிவர்சிட்டி டிம் பெல், அவரோடு மைக் ஃபெல்லோஸ், இயன் விட்டன் என்று மூன்று பேர் 1990-களில் இதற்கென்றே ஒரு கட்டுப் பயிற்சிகள் தயார் செய்தார்கள். ‘அன்ப்ளக்ட்’ என்று பெயர், அதாவது பிளக்கைப் பிடுங்கியது. கரன்ட் கட் ஆனால் வகுப்பு கட் ஆகாது. நம் ஊருக்கென்றே செய்தது போல இல்லை?

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தவை இரண்டு. முதலாவது ஐந்து அட்டை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். ஓர் அட்டையில் 16 புள்ளி, அடுத்ததில் 8, பிறகு 4, 2, 1. ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அட்டையைக் காட்டலாம், அல்லது திருப்பி மறைக்கலாம், அவ்வளவுதான். ‘11 காட்டுங்க’ என்றால் 8, 2, 1 மூன்றும் முன்னால் திரும்பும். 31 வரை எந்த எண்ணானாலும் வரும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு விதமாகத்தான் வரும். ‘அப்பா வயசைக் காட்டு’ என்றேன். அத்தானுக்கு 47. ஐந்து அட்டையையும் திருப்பினாலும் 31-தான். அக்கா மகள் அட்டைகளையே பார்த்தாள். 1, 2, 4, 8, 16... “இன்னொரு அட்டை வேணும் மாமா. முப்பத்திரண்டு.” நான் கேட்காமலே சொன்னாள். 32-ஐயும் சேர்த்து, 16-ஐ மட்டும் மறைத்தால் 47. பைனரியை இதைவிட மரியாதையாக யாரும் எனக்கு அறிமுகம் செய்யவில்லை.

இரண்டாவது, மந்திர வித்தை. இதற்குச் சீட்டுக்கட்டு வேண்டும். (சீட்டுக்கட்டைக் கண்டதும் என் அம்மா முகம் போன போக்கு தனிக்கதை.) யாராவது ஒருவரை, ஐந்துக்கு ஐந்தாக 25 சீட்டுகளைக் கண்டபடி, சிலது முகம் மேலே, சிலது முதுகு மேலே என்று பரப்பச் சொல்லுங்கள். மந்திரவாதி, ‘இது ரொம்ப ஈஸி, இன்னும் கஷ்டமாக்கறேன்’ என்று அலட்சியமாக ஆறாவதாக ஒரு வரிசையும் ஒரு பத்தியும் சேர்ப்பார். 36 சீட்டு. பிறகு முதுகைத் திருப்பிக்கொள்வார். யாராவது ஒரே ஒரு சீட்டை மட்டும் புரட்டிப் போட வேண்டும். மந்திரவாதி திரும்பி, ஒரு பார்வை பார்த்து, ‘இதுதான்!’ என்று தொடுவார்.

ரகசியம் அந்த ‘அலட்சியத்தில்’ இருக்கிறது. சேர்க்கும்போதே, ஒவ்வொரு படுக்கை வரிசையிலும், ஒவ்வொரு நெடு வரிசையிலும் முதுகு காட்டும் சீட்டுகள் இரட்டைப் படையில் வருமாறு பார்த்துப் போட்டுவிட வேண்டும். ஒன்றைப் புரட்டினால் ஒரு படுக்கை வரிசையிலும் ஒரு நெடு வரிசையிலும் கணக்கு ஒற்றைப் படையாகிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் திருடன்.

ரகசியத்தை அக்கா மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, அத்தானிடம் அனுப்பினேன். அத்தான் பாங்க்கில் இருப்பவர். எதையும் லேசில் நம்ப மாட்டார். முதல் தடவை, ‘சான்ஸ்’ என்றார். இரண்டாம் தடவை, நான் கண்ணால் ஜாடை காட்டுகிறேன் என்று என்னை வெளியே அனுப்பினார். மூன்றாம் தடவை சீட்டுகளையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “டேய், இது எங்க பழைய பேரேட்டுல குறுக்கு டோட்டல், நெடுக்கு டோட்டல் போட்டு தப்பைப் பிடிக்கிற மாதிரி இல்லே இருக்கு!” என்றார். அதேதான். ஒரு பி.காம்.காரனுக்குக் கண்ணில் ஜலம் வராத குறை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும்போது வழியில் ஓர் எழுத்து கெட்டுப்போனால் கண்டுபிடிக்க இந்தத் தத்துவத்தைத்தான் உபயோகிக்கிறார்கள். கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பார்கோடு கீழே 13 எண்கள் இருக்கின்றனவே, கடைசி எண் இப்படிப்பட்ட காவல்கார எண்தான். மற்ற எண்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அதோடு கடைசி எண்ணையும் சேர்த்தால் பத்தால் மீதியில்லாமல் வகுபடும். சி.எஸ்.ஆர். பிஸ்கட்டுக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது, பாருங்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தெரிந்தது வேறு. அப்பாவுக்குத் தெரியாத ஒன்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் எதிர்வீடு, மேல்வீடு, பால்காரர் என்று ஒருவரையும் விடவில்லை.

லேப்டாப் மூன்றாம் நாள்தான் வெளியே வந்தது. அதில் ஸ்க்ராட்ச். எம்.ஐ.டி.யில் பேப்பர்ட்டின் வழியில் வந்த மிச்சல் ரெஸ்னிக் குழுவினர் 2007-ல் வெளியிட்டது. இனாம். டைப் அடிக்க வேண்டாம், கட்டளைகள் கலர் கலர்க் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று ஒட்ட வைக்க வேண்டும். பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது. கமா விட்டுப்போச்சு, அரைப்புள்ளி விட்டுப்போச்சு என்று மெஷின் திட்டுகிற திட்டெல்லாம் இதில் கிடையாது. இந்த ஆட்கள் ஒரு நல்ல கருவிக்கு வீட்டைத்தான் உதாரணம் சொல்வார்கள். வாசற்படி தாழ்வாக, கூரை உயரமாக, சுவர்கள் அகலமாக இருக்க வேண்டும். சுலபமாக உள்ளே நுழையலாம், எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம், அவரவர் இஷ்டப்பட்ட திசையில் போகலாம். நம் கம்ப்யூட்டர் வகுப்புகள் என் பாட்டி வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். நிலைப்படி முழங்கால் உயரம், நிலை தலையில் இடிக்கும். உள்ளே போனால் ஒரே ஒரு நடை, நேராகக் கொல்லைப்புறம்.

2013-ல் அமெரிக்காவில் ‘ஹவர் ஆஃப் கோட்’ என்று ஒரு மணி நேர இயக்கம் ஆரம்பித்தார்கள். அதில் பிரபலமான பயிற்சி ஒன்றில் ஆங்ரி பேர்ட்ஸ் பறவையைச் சந்துபொந்தெல்லாம் நடத்திப் பன்றியிடம் சேர்க்க வேண்டும். நல்ல பயிற்சிதான், குழந்தைகள் குஷியாகச் செய்கின்றன. ஆனால் ஒரு குறை. போக வேண்டிய இடத்தை வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். பத்துப் புதிர் முடித்த குழந்தைக்குப் பதினோராவது புதிரை யாராவது கொடுக்க வேண்டும். புதிர் ஊறுகாய் மாதிரி. தொட்டுக்கொள்ளலாம், சாதம் வேறு.

அக்கா மகளிடம், “உனக்கு என்ன செய்யணும்?” என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டு, “காக்கா, பாட்டி, வடை” என்றாள்.

பாட்டியை அவளே வரைந்தாள், மூக்குத்தியோடு. காக்காய், நரி, வடை. காக்காய் ‘கா’ என்றதும் வடை விழ வேண்டும். பச்சைக் கொடியை அழுத்தினாள். காக்காய் வாயைத் திறப்பதற்கு முன்பே வடை கீழே போய்விட்டது! மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இது ரொம்பக் கஷ்டம். பெரியவர்களுக்கு மவுஸைப் பிடுங்குவது ரிஃப்ளெக்ஸ். ‘இங்கே குடு’ என்று நாம் மவுஸைப் பிடுங்கிய நொடியில் அது நம் புரோகிராம் ஆகிவிடுகிறது.

“காக்கா ‘கா’ன்னு சொன்னது வடைக்குத் தெரியலை மாமா.”

எவ்வளவு துல்லியமான வாக்கியம்! இரண்டு பேரும் கொடி அசைந்ததும் தனித்தனியாகக் கிளம்புகிறார்கள். ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாது. “அப்ப யாராவது சொல்லணுமா?” என்று கேட்டேன். கட்டைகளைத் தேடினாள். செய்தி அனுப்பும் கட்டை ஒன்று இருக்கிறது. காக்காய் வாயைத் திறந்ததும் ‘வாய் திறந்தாச்சு’ என்று ஒரு செய்தி அனுப்ப, வடை அது கிடைத்ததும் விழ வேண்டும். இருபது நிமிஷம் ஆனது. வடை விழுந்தது. வீடே அதிரும்படி ஒரு கத்தல். எம்.சி.ஏ. படித்து வேலைக்குப் போகிறவர்கள் ‘ஈவன்ட்’, ‘மெஸேஜ்’ என்று சொல்லிக்கொண்டு அலைவது இதைத்தான்.

இந்த இடத்தில் உங்களில் சிலர், இதையெல்லாம் கற்றுக்கொண்டால் பிள்ளை கணக்கில் புலி ஆகிவிடுமா என்று கேட்பது காதில் விழுகிறது. ஆகாது ஸார். 1984-லேயே நியூயார்க் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லோகோ கற்ற பிள்ளைகள் மற்ற வேலைகளைத் திட்டமிடுவதில், கற்காதவர்களைவிடப் பெரிதாக எதுவும் சாதித்துவிடவில்லை. மெஷினைக் கொடுத்துவிட்டால் போதும், மூளை தானாக வளர்ந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு குட்டு. பேப்பர்ட் பக்தர்களுக்குக் கோபம் வந்தது. எனக்கென்னவோ அந்தக் குட்டு நியாயமாகவே படுகிறது. பக்கத்தில் நின்று ‘அப்ப யாராவது சொல்லணுமா?’ என்று சமயம் பார்த்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மெஷினோடு பெட்டியில் வருவதில்லை.

நம் தேசத்துக்கே இந்தப் பாடம் உண்டு. 1984-ல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் இங்கிலாந்தின் பி.பி.ஸி. மைக்ரோ கம்ப்யூட்டர்களை வரவழைத்து நம் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். 2011-லிருந்து தமிழ்நாட்டில் லேப்டாப்பே இலவசமாகக் கொடுத்தார்கள். 2020-ன் புதிய கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் என்றது. அந்த லாக்டவுன் வருஷத்தில் கோடிங் வகுப்பு விளம்பரங்கள் பண்ணிய அட்டகாசம் ஞாபகம் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை ஆப் எழுதி, வாசலில் முதலீட்டாளர்கள் அடித்துக்கொள்வார்கள்! ‘இப்போதே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவான்’ என்கிற பயத்தை வைத்து விற்ற சரக்கு. பயத்தில் வாங்கியதைக் குழந்தையிடம் கொடுத்தால், குழந்தைக்குப் போய்ச் சேர்வதும் பயம்தான்.

‘ஏ.ஐ. வந்தாச்சே, அதுவே புரோகிராம் எழுதிடுமே, இனிமே எதுக்கு இதெல்லாம்?’ என்று ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் கேட்டதாக நண்பன் சொன்னான். எழுதட்டுமே. பதினான்கு வரியில் லெமன் ஜூஸ் சொல்லத் தெரியாதவன் அதனிடம் என்ன கேட்பான்? அது மேடையில் பிழிந்து வைத்துவிட்டுப் போனால் எப்படிக் கண்டுபிடிப்பான்?

பாஷை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘இஃப்’, ‘ரிப்பீட்’ என்ற வார்த்தைகளிலேயே தடுக்கி விழும் பிள்ளைகள் நிறைய. முத்தையா அண்ணாமலை என்பவர் ‘எழில்’ என்று தமிழ் எழுத்திலேயே ஒரு புரோகிராம் மொழி செய்திருக்கிறார், இனாமாகவே கிடைக்கிறது. ‘பதிப்பி’ என்றால் ஸ்க்ரீனில் எழுதும். ‘இஃப்’புக்குப் பதில் ‘ஆனால்’. அதிலும் நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ பின்னால் வரும், நாம் பேசுகிற வரிசையிலேயே. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கிளுகிளுப்பு. இதை வைத்து யாரும் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை வாங்க முடியாது. முதல் படியில் கால் இடறாமல் ஏற ஒரு கைப்பிடி, அவ்வளவு போதாதா?

அடுத்த சி.எஸ்.ஆர். சனிக்கிழமைக்கு என்னிடம் யோசனை கேட்டால் சொல்வேன்: ஸ்லைடு வேண்டாம். ஐந்து அட்டை, ஒரு கட்டு சீட்டு (ஹெட்மாஸ்டரிடம் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்), ஒரு சாக்பீஸ். சாக்பீஸால் தரையில் பாண்டிக்குப் போடுவது போல் ஒரு சதுரம் போட்டு, உங்கள் டீம் லீடரை ஆமையாக்கி நிறுத்துங்கள். பிள்ளைகள் ‘முன்னே மூணு, வலது 90’ என்று ஆணையிடட்டும். அவர் சுவரில் முட்டினால் யாரும் காப்பாற்ற வேண்டாம், எந்த வரியில் பிசகு என்று அவர்களே பார்ப்பார்கள். லேப் இருந்தால், ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் அடித்து மவுஸைக் கை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் பெரிய பையன் ஓட்டுவான், சின்னவன் வேடிக்கை பார்ப்பான், பெண் பிள்ளை நோட்டில் அழகாக எழுதிக்கொண்டிருப்பாள். அந்த நோட்டை வாங்கி ‘வெரி குட்’ போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து அவளும் ‘எனக்கு வராது’ என்பாள்.

திருச்சியிலிருந்து போன வாரம் போன். காக்காய்க் கதையில் வடை விழுந்தபிறகு நரி வருவதற்குள் பாட்டி பாய்ந்து பிடிக்கும்படி மாற்றிவிட்டாளாம். பாட்டிக்கு வேகம் 10, நரிக்கு 4. “பாட்டிதானே சுட்டாங்க, அவங்களுக்குத்தான் வடை” என்றாள். இப்போது சிக்கல் என்னவென்றால், பாட்டி வடையைப் பிடித்ததும் நிற்காமல் ஸ்க்ரீனின் ஓரத்துக்கே ஓடிவிடுகிறாளாம்.

“எங்கேயோ ஒரு பக் இருக்கு மாமா. நீங்க சொல்லாதீங்க” என்று போனை வைத்துவிட்டாள்.